எரிமலைகளுக்கு நடுவே அன்டிகுவா: யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோருக்கு

குவாத்தமாலாவின் பழைய தலைநகரான அன்டிகுவாவுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, கரீபியன் கடலில் அதே பெயரில் ஒரு தீவு இருப்பதை மறந்துவிடக் கூடாது. நீங்கள் இறங்க வேண்டியது குவாத்தமாலா சிட்டியின் லா அவுரோரா விமான நிலையம். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தரைவழிப் பயணம். இலங்கையிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும் என்பதால், அதையும் குவாத்தமாலாவின் நுழைவு விதிகளையும் சரிபார்த்த பின்பே பணம் கட்டுங்கள். கனடாக் கடவுச்சீட்டுடன் ரொறன்ரோவிலிருந்து வந்து சேரும் உறவினருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகுவா எரிமலையின் சரிவில் பெருகிவந்த சேற்று வெள்ளம் 1541இல் ஸ்பானியரின் முந்தைய தலைநகரை அழித்தது. அதன்பின் 1543இல் பஞ்சோய் பள்ளத்தாக்கில் இந்நகரம் நிறுவப்பட்டது. 1773 ஜூலை 29ஆம் திகதி நேர்ந்த நிலநடுக்கம் இதையும் உலுக்க, 1776இல் தலைநகர் இன்றைய குவாத்தமாலா சிட்டிக்கு மாற்றப்பட்டது. இடிந்த தேவாலயங்கள் பல திருப்பிக் கட்டப்படாமல் நின்றதற்கு அந்த இடமாற்றம் ஒரு முக்கிய காரணம். (யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபோது ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஆண்டவர் ஒரே பிலிப் மன்னர், நல்லூரும் அன்டிகுவாவும் அப்போது ஒரே முடியின் கீழ் இருந்தன.) யுனெஸ்கோ 1979இல் அன்டிகுவாவை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

நகருக்குள் வழி தவறுவது கடினம். தெருக்கள் சதுரக் கட்டங்களாக அமைந்துள்ளன; ஆகுவா எரிமலை எப்போதும் தெற்கே நிற்கிறது. சாந்தா கத்தலீனா வளைவின் ஊடாக அதைப் படம் எடுக்க விரும்பினால், முகில் கவியாத விடியற்காலையில் போங்கள். தரை முழுவதும் கருங்கல் பாவியது. செருப்பை விட நல்ல பிடிப்புள்ள சப்பாத்து நல்லது. லா மெர்செட் தேவாலயத்தின் மணிக்கோபுரங்கள் குட்டையாகவும் சுவர்கள் தடிப்பாகவும் இருப்பது நிலநடுக்கத்துக்கு அஞ்சிக் கட்டியதால்தான். பேராலயத்தில் முன்பகுதியோடு திரும்பிவிடாமல், தனிக்கட்டணம் கொடுத்துப் பின்னாலுள்ள கூரையற்ற பகுதிக்கும் செல்லுங்கள். உடைந்த வளைவுகளின் மேல் வானம் மட்டுமே இருக்கும். ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், 1736இல் திறக்கப்பட்ட கப்புச்சினாஸ் கன்னியர் மடத்தைத் தேர்ந்தெடுப்பேன். அதன் வட்டக் கட்டடத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி 18 சிற்றறைகள் உள்ளன. ஓர் அறைக்குள் நின்று பார்த்தால், துறவியர் எவ்வளவு சிறிய இடத்தில் வாழ்ந்தார்கள் என்பது விளங்கும்.

எரிமலை ஏற்றத்தைக் கடைசி நாட்களுக்கு ஒதுக்குங்கள். அன்டிகுவாவே சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தில் வாழும் நம் உடலுக்கு அது பழக வேண்டும். பலரும் ஏறும் அக்காத்தெனாங்கோ எரிமலையின் உயரம் 3,976 மீற்றர். அதில் இரவு தங்கும் முகாம்களே நம் பிதுருதலாகலையின் 2,524 மீற்றரை விட மிக உயரமானவை. இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். தடித்த குளிரங்கி, கையுறை, தலைவிளக்கு ஆகியவை கட்டாயம் வேண்டும். அங்கிருந்து பக்கத்து எரிமலையான ஃபுவேகோ கனல் கக்குவதைப் பார்க்கலாம் என்றாலும், அது எந்நாளும் நிகழும் காட்சி அன்று. 2018 ஜூன் 3ஆம் திகதி அதே மலை சான் மிகெல் லோஸ் லோத்தெஸ் என்ற ஊரைப் புதைத்தது. ஆகவே எச்சரிக்கை அறிவிப்புகளைப் பார்த்து, வழிகாட்டியுடன் மட்டும் ஏறுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குத் தாழ்வான பாக்காயா எரிமலை போதும்.

மழை மே முதல் ஒக்டோபர் வரை. தவக்காலத்திலும் பெரிய வாரத்திலும், சாயமேற்றிய மரத்தூளால் வீதி நெடுக விரிப்புகள் வரைவார்கள்; ஊர்வலம் அவற்றின் மேலேயே நடந்து செல்லும். அந்த நாட்களுக்கு விடுதியைப் பல மாதங்கள் முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

சைவ உணவுக்காரர், மசித்த கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உண்பது நன்று. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மின்சாரம் 120 வோல்ட் என்பதால், நம் ஊர்க் கேத்தல் அங்கே சரியாகச் சூடேறாது. திரும்பும் நாளில், தலைநகரின் வாகன நெரிசலைக் கணக்கில் கொண்டு, விமான நேரத்துக்குக் குறைந்தது ஐந்து மணித்தியாலம் முன்பே அன்டிகுவாவிலிருந்து புறப்படுங்கள்.