வீடு விற்கும்போது வக்கீல் செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் எப்படியும் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவார். பேங்க் லோன் என்றால் லீகல் ஒப்பீனியன் இல்லாமல் காரியமே நடக்காது. விற்பவர்தான் 'பணம் வாங்கப்போற நமக்கு எதுக்கு வக்கீல்' என்று இருந்துவிடுகிறார். வாங்குபவரின் வக்கீல் ஒப்பந்தம் எழுதுகிறார், அட்வான்ஸ் கைக்கு வந்த சந்தோஷத்தில் கையெழுத்தும் ஆகிவிடுகிறது. விற்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன்.

அந்த வக்கீல் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஃபீஸ் வாங்குவது அந்தப் பக்கம், பார்ப்பதும் அந்தப் பக்கத்து நலனை. அவர் எழுதும் கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி வரலாம்: "சொத்தில் உள்ள சகல வில்லங்கங்களையும் தீர்த்து, மீதித் தொகையைப் பெற்றுக்கொண்டு, விற்பவர் கிரயம் செய்து கொடுக்க வேண்டியது." படிக்க நியாயமாகத்தான் இருக்கும். எந்தத் தேதிக்குள்? வாங்குபவர் பணம் புரட்ட முடியாமல் இழுத்தடித்தால் அட்வான்ஸ் என்ன ஆகும்? ஒப்பந்தம் எப்போது முறியும்? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

இது சின்ன விஷயமில்லை. ஒப்பந்தப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்குபவர் வழக்குப் போட 3 வருட அவகாசம் உண்டு. கெடு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். எழுதாவிட்டால், விற்பவர் மறுத்தது வாங்குபவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அந்த 3 வருடம் ஓடவே தொடங்கும். போதாததற்கு 2018-ல் வந்த சட்டத் திருத்தம், இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றம் தன் விருப்பப்படி மறுக்கும் இடத்தை நன்றாகக் குறைத்துவிட்டது. சந்தை விலை ஏறியபின் பழைய விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

'பதிவு பண்ணாத அக்ரிமெண்ட்தானே, செல்லாது' என்று நம்பவும் முடியாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் வீடு, மனை விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் பதிவாகாத ஒப்பந்தத்தை இந்த வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. சரி, பதிவு செய்தால்? வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் பட்டியலில், அது ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கிவிட்டால் ரத்துப் பத்திரத்தில் அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதுவரை அடுத்த பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்.

ஆகவே கையில் இருப்பது குறைந்த பணம்தான் என்றால் அதை இங்கே செலவழியுங்கள். முழு விற்பனையையும் ஒரு வக்கீலிடம் ஒப்படைக்க வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஒப்பந்த வரைவை மட்டும் உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கெடு தேதி, கெடு தவறினால் அட்வான்ஸின் கதி, ரத்து செய்ய வாங்குபவர் எத்தனை நாளில் வர வேண்டும் என்ற மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலைக்கான ஃபீஸில் முடியக்கூடியது இது. கையெழுத்துப் போட்டபின் போனால் அதே வக்கீலால் பெரும்பாலும் நோட்டீஸ்தான் அனுப்ப முடியும்.

அடுத்த தவறு, பத்திரம் எழுதுபவரையே வக்கீலாக நினைப்பது. ஆவண எழுத்தர்கள் பதிவுத்துறையின் உரிமம் பெற்றவர்கள், எழுதுவதில் கைதேர்ந்தவர்கள். குடும்பச் சிக்கலோ பாகப் பிரச்சினையோ இல்லாத வீட்டுக்குக் கிரயப் பத்திரத்தை அவரிடமே எழுதலாம், தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அப்பா பெயரில் இருந்த வீடு, கல்யாணமாகிப் போன அக்கா தங்கைக்குப் பங்கு, வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றெல்லாம் வந்துவிட்டால் அது சட்டக் கேள்வி. மைனரின் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், தாயின் கையெழுத்து மட்டும் போதாது. இங்கே செலவைக் குறைக்கப் பார்ப்பது ஆபத்து.

ஃபீஸைக் குறைக்க நல்ல வழி, நீங்களே செய்யக்கூடியதை முடித்துக்கொண்டு போவது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் வருட வரிசையில் அடுக்கி ஜெராக்ஸ் எடுங்கள். வீட்டுக் கடன் இருந்து அடைத்திருந்தால், பேங்க் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். ஒரிஜினல் பத்திரங்களை பேங்க் இன்னும் தரவில்லையா? முழுக் கடனும் அடைத்த 30 நாளில் தர வேண்டும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி.

வக்கீலிடம் 'மொத்தம் எவ்வளவு சார்' என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தொகையில் எதெல்லாம் அடங்கும், பதிவன்று சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வருவாரா, டைப்பிங் செலவு தனியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழக்கமாக வாங்குபவர் தலையில் விழும் செலவு. யாராவது அதில் உங்கள் பங்கு என்று கேட்டால் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீலின் ஃபீஸ் மலிவாக இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்த வேலை தரப்போவது புரோக்கர்தான் என்பதால் நான் அவரைத் தவிர்க்கவே சொல்வேன்.

'பாதியைக் கேஷா வாங்கிக்குங்க' என்று யோசனை சொல்பவர் வக்கீலாகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது ரொக்கத்தை வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு.

கையில் காசே இல்லை என்பவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. வழக்கு நடந்தால்தான் என்றில்லை, ஆலோசனை தருவதும் 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் அடக்கம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. ஊரிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்த வரைவை எடுத்துப் போங்கள், ஒரிஜினல் பத்திரங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு.