சிமெண்ட் தொட்டியைக் காய வைக்காதீர்கள்

பழைய பெயிண்ட் வாளி ஒன்று, உள்ளே வைக்கச் சின்ன வாளி ஒன்று, ஒரு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணல். மாடித் தோட்டத்துக்குத் தொட்டி ஊற்ற இவ்வளவு போதும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் ஒரே தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். கை பழகியவர்கள் எல்லோரும் தாண்டி வந்தவைதான். அதனாலேயே பார்க்கும்போது பொறுக்க முடிவதில்லை. கையுறை போடுங்கள், அச்சுக்கு எண்ணெய் தடவுங்கள், அடியில் துளை விடுங்கள் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

கண் அளவுக் கலவை

12 அங்குல வாய், 12 அங்குல உயரம், 1 அங்குலச் சுவர். இந்த அளவுத் தொட்டிக்குச் சிமெண்ட் ஏறக்குறைய 4 கிலோ, சலித்த மணல் 12 கிலோ, தண்ணீர் 2 லிட்டருக்கு உள்ளேதான். 50 கிலோ மூட்டைக்கு 12 தொட்டி வரும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது.

இந்தப் பதத்தில் கலவை தானாக இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குச்சியால் குத்தி, வாளியைச் சுற்றிலும் தட்ட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு 3 லிட்டர் விட்டு தோசை மாவுப் பதத்தில் ஊற்றினால், கூடுதல் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது சுவர் முழுக்க நுண்துளைகளை விட்டுப் போகும். அந்தத் தொட்டி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கும். கலவை அவ்வளவு இளகலாக இருந்தால் உள் வாளி மேலே மிதந்து வரும், அடிப்பகுதி ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் நிற்கும். உள் வாளிக்குள் கல்லோ மணலோ பாரம் வைப்பது எப்போதும் நல்லது.

மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரை அதற்கேற்பக் குறையுங்கள். கல் உடைக்கிற க்ரஷரின் தூளையே எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) என்று தள்ளிவிடுகிற லோடும் உண்டு. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ரொப்பிக் குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் மாவு, மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவாமல் தொடாதீர்கள்.

வெயில்

மற்றதையெல்லாம் மன்னிக்கலாம், இதை முடியாது. காலையில் ஊற்றுவார்கள். கையோடு அச்சைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் நடு வெயிலில் வைப்பார்கள். “நல்லா காயட்டும்” என்பார்கள். மதியத்துக்குள் மேல்பரப்பு வெளுத்துவிடும், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். சாயங்காலமே அச்சைக் கழற்றிவிட்டு மறுநாள் முழுக்க மறுபடி வெயில். அந்த நேரத்தில் பார்க்கத் தொட்டி அருமையாகத்தான் இருக்கும்.

சிமெண்ட் காய்ந்து இறுகுகிற பொருளே கிடையாது. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அந்த வினை நாட்கணக்கில் நடக்கிறது. நடுவில் தண்ணீர் ஆவியாகிவிட்டால் வினை அங்கேயே நின்றுபோகும். மிச்சச் சிமெண்ட் தூளாகவே சுவருக்குள் தங்கிவிடும். தொட்டி வெளுக்கிறது என்றால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாளே கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வேளை தண்ணீர் வற்றினாலே அவரோடு சண்டைக்குப் போகிற வீட்டுக்காரர்தான், அதே மாடியில் தன் தொட்டியைச் சுட வைக்கிறார். தளமாவது 5 அங்குலம், காற்றுப் படுவது பெரும்பாலும் மேல்பக்கம். தொட்டிச் சுவர் 1 அங்குலம், உள்ளும் புறமும் காற்று. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மாடித் தரை அடியிலிருந்து சுடும். விளிம்பு முதலில் சுருங்கி, அங்கிருந்து மயிரிழை விரிசல் கீழே இறங்கும். மண்பாண்டத்தைக் காய வைக்கிற நினைப்பில் இதைச் செய்கிறார்கள் போலும். நம் பக்கத்துக் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் மண்ணை வனைகிறவர்கள்கூட பச்சைப் பாண்டத்தை முதலில் நிழலில்தான் ஆறவிடுவார்கள்.

இந்தத் தவறு இவ்வளவு செலவு வைப்பதற்குக் காரணம், அது உடனே தெரியாது. மண், எரு, செடி போட்டுத் தண்ணீர் விட்டால் 12 அங்குலத் தொட்டி 40 கிலோவை நெருங்கும். சில மாதம் கழித்து இடம் மாற்றலாம் என்று இரண்டு பேர் விளிம்பைப் பிடித்துத் தூக்குவார்கள். விளிம்பு கையோடு வந்துவிடும். உடைந்த இடத்தை நகத்தால் சுரண்டினால் தூள் உதிரும். உடனே “சிமெண்ட் டூப்ளிகேட்” என்று கடைக்காரர் மேல் பழி. ஒரே நாளில் ஊற்றி ஒரே வெயிலில் வைத்தவை என்பதால் ஒன்று போனால் மற்ற 11-ம் அந்தக் கதிதான். அதற்குள் ஒவ்வொன்றிலும் செடி வேர் பிடித்திருக்கும்.

சரியாகச் செய்வது கஷ்டமே இல்லை. மாலை 5 மணிக்கு மேல் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும். அதில் கலந்தால் பாதி ஊற்றுவதற்குள் கலவை இறுக ஆரம்பிக்கும். காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். ஊற்றியதும் வாயைப் பாலித்தீன் கவரால் மூடுங்கள். வெளி வாளியை மறுநாள் மாலை கழற்றினால் போதும். கழற்றியதும் ஈரக் கோணி சுற்றி, அதன்மேல் பெரிய பாலித்தீன் கவர். அதற்கு அடுத்த நாளிலிருந்து டிரம்மில் முக்கி வைக்கலாம்; டிரம் இல்லையென்றால் துளையைத் துணியால் அடைத்து, உள்ளே தண்ணீர் ரொப்பி, வெளியே கோணியை ஈரமாகவே வைத்திருங்கள்.

எத்தனை நாள்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி ஓபிசி எனும் சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள். உங்கள் மூட்டையில் பிபிசி என்று அச்சிட்டிருந்தால் 10 நாள் கணக்குதான். கோடையில் 14 நாள் விடுவது நல்லது. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தெளித்துவிட்டு நடுவில் காயவிடுவது க்யூரிங் (ஈரம் குறையாமல் வைத்து இறுகவிடுவது) ஆகாது. மதியம் 2 மணிக்குச் சூடேறி நிற்கிற தொட்டியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது அதைவிட மோசம், வெடிப்பு விழும்.

ஒரு நாள் வெயில் பட்டுவிட்டதா? உடனே தண்ணீரில் போட்டால் ஓரளவு தேறும். விரிசல் விழுந்துவிட்டால் மேலே சிமெண்ட் பால் பூசி மறைப்பதில் பயனில்லை.

உள் வாளியைக் கடைசியில் எடுப்பது

இது தலைகீழ் வரிசை, உள் வாளியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இறுகும்போது சிமெண்ட் சுருங்கி உள் வாளியை இறுக்கிப் பிடிக்கும். வாளி விட்டுக்கொடுக்காது, சுவர்தான் பிளக்கும். கோடையில் மாலை ஊற்றியதை மறுநாள் விடியற்காலையில், நகம் பட்டால் இன்னும் கீறல் விழுகிற பதத்தில், உள் வாளியை மெல்லத் திருகி எடுத்துவிடுங்கள். எடுத்ததும் வாயை மறுபடி மூடுங்கள். வாளியின் மேல் முன்கூட்டியே பாலித்தீன் சுற்றியிருந்தால் திருகுவது சுலபம்.

மீந்த கலவை

இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுக் கிளறாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர்

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர் தண்ணீரை நம்பிக் கலவை போடுவதில் ஆபத்து உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பான விஷயம். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீரில் ஊற்றிய தொட்டியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கோழிவலை வைத்த பெரிய தொட்டி என்றால் வலை துருப்பிடித்து உப்பி, சுவரை உள்ளிருந்தே உடைக்கும். அதே ஐஎஸ் 456, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரை விடுகிறது. கம்பி இருந்தால் 500-தான். கலவைக்கு மட்டுமாவது காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். வலையைச் சுவரின் நட்டநடுவில் நிறுத்துங்கள், எந்தப் பக்கமும் வெளியே தெரியக் கூடாது.

கழிவு ஆயில்

அச்சுக்கு வேண்டாம். கறை போகாது, செடிக்கும் ஆகாது. சமையல் எண்ணெய் மெலிசாகத் தடவினால் போதும்.

புதுத் தொட்டியில் உடனே செடி

க்யூரிங் முடிந்த தொட்டியில் இன்னும் சுண்ணாம்புக் காரம் இருக்கும். இன்னொரு வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் செம்பருத்தி, இட்லிப்பூ, ரோஜா மூன்றிலும் புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காரத்தில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. உரம் குறைவு என்று நினைத்து யூரியா போடுகிறவர்கள் அதிகம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளு கத்திரியை மாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்களும் அந்த ஒரு வாரம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி மாதிரியானவை அவ்வளவு கோபித்துக்கொள்ளாது.

பெயிண்ட்

வெளியே மட்டும், அதுவும் 28 நாள் கழித்து. ஈரம் இருக்கும்போது அடித்தால் கொப்புளம் போட்டு உரியும்.

மாடிக் கைப்பிடிச் சுவர்

நிறைந்த தொட்டி 40 கிலோ. கைப்பிடிச் சுவர்மேல் வைக்காதீர்கள்.