கணையப் புற்றுநோயில் ஐஎல்-6 அளவைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

"இன்டர்லூக்கின்-6 (ஐஎல்-6) அதிகமாக இருக்கும் கணையப் புற்றுநோயாளிகளின் ஆயுள் குறைவு." ஆய்வுக்கட்டுரையில் தொடங்கும் இப்படியொரு வரி, செய்தித் தலைப்பாகி நோயாளியின் மகனுடைய கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள் அதன் நிபந்தனைகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. வரி பொய்யல்ல. பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உண்மையாகவே தென்பட்டிருக்கிறது. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் தவறானவை.

முதல் குழப்பம், இந்த மூலக்கூறுகளை "எதிர்ப்புச் சக்தி"யின் அளவுகோலாக எண்ணிக்கொள்வது. ஐஎல்-6, ஐஎல்-8, ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற சைட்டோகைன்கள் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைகள். அவற்றை நோய் எதிர்ப்புச் செல்கள் மட்டும் சுரப்பதில்லை. கணையக் கட்டியின் பெரும்பகுதி புற்றுச்செல்களே அல்ல, அவற்றைச் சுற்றி இறுகிக் கிடக்கும் நார்த்திசு. அந்தத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ஒரு வகை ஐஎல்-6ஐத் தாராளமாகச் சுரக்கிறது என்பது 2017இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அந்த ஐஎல்-6 கல்லீரலுக்குப் போய் அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தை, அதாவது சிஆர்பியை, உற்பத்தி செய்ய வைக்கிறது. தசை கரைவதிலும் பங்கேற்கிறது. ஆக, ரத்தத்தில் ஐஎல்-6 ஏறியிருப்பது உடல் புற்றுநோயோடு மும்முரமாகப் போராடுகிறது என்பதற்கு அடையாளமல்ல. பல நேரங்களில் அது கட்டியின் சொந்த ஏற்பாடு. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" பொடிகளையும் மாத்திரைகளையும் விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் நல்ல வியாபாரம்.

அடுத்தது, ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருந்தால் பித்தநாளம் அடைபடும், மஞ்சள் காமாலை வரும், அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். அந்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு பித்தநாளத்தில் தொற்று ஏற்பட்டாலே ஐஎல்-6, சிஆர்பி இரண்டும் எகிறும். அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களிலும் அப்படித்தான். மாறாக, கீமோதெரபியின்போது வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் அழற்சியைத் தணித்து எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். மாதிரியை எடுத்த விதமும் முக்கியம். ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து டிஜிஎஃப்-பீட்டா வெளியேறுவதால், சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்மத்தில்) அளந்த எண்ணும் பிளாஸ்மாவில் (உறையவிடாத ரத்தத்திலிருந்து பிரிக்கும் நீர்மத்தில்) அளந்த எண்ணும் ஒன்றாக இராது. ஓர் ஆய்வகத்தின் முடிவை வேறோர் ஆய்வுக்கட்டுரையின் எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. அழற்சியின் நிலை தெரிய வேண்டுமென்றால், வழக்கமான சிஆர்பியும், ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதமுமே நிறையச் சொல்லிவிடும். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் 35 கிராமுக்குக் கீழ் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண் இதற்கென்றே இருக்கிறது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு வேறு. "கூடவே இருக்கிறது" என்பதை "இதனால்தான் நடக்கிறது" என்று எடுத்துக்கொள்வது அது. இந்தத் தவறு பொதுமக்களுக்கு மட்டும் உரியதல்ல. ருக்சோலிடினிப் என்ற மருந்து, ஐஎல்-6 உள்ளிட்ட பல சைட்டோகைன்களின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜேக் நொதிகளைத் தடுப்பது. முதல் சிகிச்சைக்குப் பலன் கிடைக்காத 127 நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது மொத்தக் குழுவில் தெளிவான பலன் இல்லை. ஆனால் சிஆர்பி மிகுந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, 6 மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 42 சதவீதம், பெறாதவர்களில் 11 சதவீதம். இந்த வேறுபாடு 2015இல் வெளியானபோது எழுந்த நம்பிக்கையில் குறை காண முடியாது. அழற்சி மிகுந்தவர்களையே தேர்ந்தெடுத்து மூன்றாம் கட்டச் சோதனைகள் நடந்தன. 2016இல் இடைக்கால ஆய்வைப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று அவற்றை நிறுத்திவிட்டார்கள். பாலிமர் இணைத்த ஐஎல்-10 மருந்தான பெகிலோடெக்காக்கினின் கதையும் ஏறக்குறைய இதுவே. தொடக்கச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுள் நீளவில்லை. புகையைக் கலைத்தால் நெருப்பு அணைந்துவிடாது. ஐஎல்-6 புகை மட்டும்தானா, நெருப்பிலும் பங்குண்டா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூலக்கூறுகளை நல்லது, கெட்டது என்று இரண்டு கூடைகளில் போடுவதும் உதவாது. டிஜிஎஃப்-பீட்டா தொடக்கத்தில் செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவல்காரன். அதன் கட்டளையை நிறைவேற்றும் எஸ்எம்ஏடி4 மரபணு, கணையப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் செயலிழந்து போகிறது. அதன்பிறகு அதே டிஜிஎஃப்-பீட்டா நார்த்திசுவை வளர்க்கிறது, புற்றுச்செல்களைத் தாக்கக்கூடிய டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை அடக்குகிறது. கட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

புள்ளிவிவரத்தைப் படிப்பதிலும் வழுக்கல் உண்டு. இடர் விகிதம் 2 என்றால், ஒரு குழுவில் மரணம் நேரும் வேகம் மற்றதைப் போல் இரு மடங்கு. ஒவ்வொருவரின் ஆயுளும் பாதியாகும் என்பதல்ல. இடைநிலை உயிர்வாழ்வு 11 மாதம் என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதும் அதற்குள் அடங்கும். கட்டி பெரிதாகவும் பரவியும் இருப்பவர்களுக்கு ஐஎல்-6 இயல்பாகவே கூடுதலாக இருக்கும்; நோயின் கட்டத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த எண் தனியாக ஏதாவது சொல்கிறதா என்பதே கேள்வி. சிறிய ஆய்வுகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரியும் இடமாகப் பார்த்து எல்லைக்கோட்டைக் கிழித்துவிட்டு, அதே நோயாளிகளிடம் அது அருமையாக வேலை செய்கிறது என்று அறிவிப்பது. வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் சரிபார்க்கப்படாத எந்த எல்லைக்கோட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை.

தேடல் முடிவுகளில், கணையத்தின் ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைப் பற்றிய தகவலும் கலந்து வரும். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இருந்தது அந்த வகை. அதன் போக்கு வேறு, எண்கள் வேறு. இங்கே பேசப்படும், பெரும்பாலானோருக்கு வரும் நாளக் கணையப் புற்றுநோய்க்கு அவை பொருந்தா.

கடைசியாக, நோயின் போக்கைக் கணிக்கும் அடையாளத்தையும் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாளத்தையும் ஒன்றாக்கிவிடுவது. ஐஎல்-6 இன்றைக்கு முதல் வகை மட்டுமே. அதைப் பார்த்து எந்த மருத்துவரும் கீமோதெரபியை மாற்றப்போவதில்லை. சிகிச்சையையே மாற்றக்கூடிய பரிசோதனைகள் வேறு இருக்கின்றன. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோதெரபி மருந்துகளும், ஓலாபரிப் என்ற மாத்திரையும் பரிசீலிக்கப்படும். எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதானதன் அடையாளம்) மிகுதியாக உள்ள கட்டி நூற்றில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் என்றாலும், அவருக்கு இம்யூனோதெரபி பலன் தர வாய்ப்புண்டு. சைட்டோகைன் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன், இந்த இரண்டும் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் செரிமானத்துக்கு உதவும் கணைய நொதி மாத்திரை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.