தொட்ட மணி யாருடையது?

என் முதல் மெய்நிகர் (VR) படைப்பில் ஒரு கண்ணாடி மணி தொங்கும். தொட்டால் ஆடி ஒலிக்கும். அதன் ஒளிக்கும் நிழலுக்கும் மட்டுமே மூன்று வாரம் செலவழித்தேன். கண்ணை மூடும் VR ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட தோழி மணியைத் தொட்டாள், உடனே பின்னால் திரும்பி, "யாரு அடிச்சது?" என்றாள். கை பட்டதற்கும் மணி ஆடியதற்கும் நடுவே ஏறக்குறைய 300 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் மணி வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

அதனால் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு பெட்டிகளை வையுங்கள். ஒன்று வந்து இடிக்கட்டும், மற்றது கிளம்பட்டும். பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோட் 1946இல் எழுதியதும் இந்த மாதிரிச் சோதனைகளைப் பற்றித்தான். இடித்த உடனே கிளம்பினால், 'இது அதைத் தள்ளியது' என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்; யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போது இடைவெளியை 50, 100, 150, 200 மில்லி விநாடி என்று கூட்டிப் பாருங்கள். போகப் போகத் தள்ளல் கரைந்து, சம்பந்தமில்லாத இரண்டு நகர்வுகள்தான் மிஞ்சும். உங்களுக்கு எங்கே கரைகிறது என்று குறித்துவையுங்கள். விநாடிக்கு 90 படம் காட்டும் (90 ஹெர்ட்ஸ்) ஹெட்செட்டில் ஒரு பிரேம், அதாவது ஒரு படம், சுமார் 11 மில்லி விநாடி. ஆக, 100 என்பது ஒன்பதே பிரேம்!

அடுத்தது ஒலி. இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகி, விலகுகின்றன. சத்தமில்லாமல் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று கடந்துபோவதாகத் தெரியும். சந்திக்கும் கணத்தில் ஒரு 'டக்' சேர்த்தால், மோதித் திரும்புவதாகவே பலருக்குத் தெரியும். ஆய்வாளர் செகுலரும் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்டது இது. எனக்கு மிகவும் பிடித்த கண்கட்டு வித்தை. என் மணியைக் காப்பாற்றியதும் இதுதான்: விரல் பட்டதும் மெல்லிய 'டிங்', கையில் பிடித்திருக்கும் கருவியில் ஒரு சின்ன அதிர்வு. மணி ஆடுவது பழையபடி தாமதமாகத்தான் வருகிறது. தோழி இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் கணத்தில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. கனடியக் கலைஞர் சார் டேவிஸின் (Char Davies) 1995ஆம் ஆண்டு மெய்நிகர் படைப்பான 'ஆஸ்மோஸ்'இல் மூச்சை இழுத்தால் மேலே எழுவீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள். காரணமும் விளைவும் கூடவே ஓடுகின்றன.

பிழையாக வந்த தாமதத்தை வேண்டுமென்றும் வைக்கலாம். கிட்டே போனதும் அரை விநாடி கழித்துத் திரும்பும் ஒரு உருண்டை செய்தேன். கண், முகம் எதுவும் கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள், "அது என்னைப் பார்க்குது" என்றார்கள்.

சரி, சோதிக்கும்போது "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். கை இரண்டாவது முறை நீள்கிறதா, தலை பின்னால் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.