இலங்கைக்குச் சரக்கு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியில் ஏற்றிய கன்டெய்னர் ஓர் இரவில் கொழும்பு போய்விடும். அந்தச் சரக்குக்கு உரிய வரிச்சலுகைதான் பல நேரம் கரை சேருவதில்லை. இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவை அரசுகள். சலுகையை ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் கேட்டு வாங்க வேண்டியது நிறுவனங்கள். ‘அதெல்லாம் அரசாங்க விஷயம்’ என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. நான் பார்த்தவரை மற்ற தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

‘டூட்டி இல்லை’ என்று நம்பி விலை பேசுவதை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் விலக்கு அளிப்பது சுங்கவரிக்கு மட்டும். இலங்கையில் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி உண்டு, துறைமுக–விமான நிலைய மேம்பாட்டுத் தீர்வை உண்டு, வாட் உண்டு. இவற்றைக் கூட்டாமல் விலை சொன்னால், சரக்கு இறங்கிய பிறகு வாங்குபவர் போன் செய்து விலையைக் குறைக்கச் சொல்வார். அந்த நேரத்தில் பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது. சலுகையே இல்லாத பொருட்களின் பட்டியலும் தனியாக இருக்கிறது. தொடக்கத்தில் இலங்கை 1180 பொருள்களை அப்படி ஒதுக்கியது, இந்தியா 429. உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்று விலை சொல்வதற்கு முன்பே பாருங்கள்.

அடுத்தது பூர்விகம், அதாவது பொருள் எந்த நாட்டுடையது என்ற கேள்வி. அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். விதி இதுதான்: வெளிநாட்டு மூலப்பொருள் எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையிலான விலையில், 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மீதி 35 உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். மூலப்பொருளில் இலங்கையுடையதும் கலந்திருந்தால் இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35 வரலாம், அதில் நம் பங்கு 25-க்குக் குறையக்கூடாது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு நிபந்தனையும் உண்டு. சுங்கத்தில் சரக்குகளை வகைப்படுத்த எச்.எஸ். குறியீடு என்ற எண் உண்டு. வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எச்.எஸ். குறியீட்டிலும் செய்து முடித்த பொருளின் குறியீட்டிலும் முதல் நான்கு இலக்கங்கள் வேறாக இருக்க வேண்டும்.

மிளகை வைத்துப் பாருங்கள். முழு மிளகுக்கும் மிளகுத்தூளுக்கும் முதல் நான்கு இலக்கம் ஒன்றுதான், 0904. வியட்நாம் மிளகை வாங்கி அரைத்து, லேபிள் ஒட்டி, 35 சதவீதத்துக்கு மேல் மதிப்புக் கூட்டினாலும் சலுகை கிடைக்காது. சுத்தம் செய்து மறுபடி மூட்டை கட்டினால் கேட்கவே வேண்டாம். இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2500 டன் மிளகு வரியின்றி இந்தியாவுக்குள் வரலாம். இலங்கை மிளகு என்ற பெயரில் வியட்நாம் மிளகு வருகிறது என்று குடகு, கேரள விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை வைத்தது. சிலர் எடுத்த குறுக்குவழிக்காக, நேர்மையாக மிளகு வளர்த்த இலங்கை விவசாயியும் அந்த விலைத் தடையைச் சுமந்தார். இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

வனஸ்பதியில் நடந்ததும் அதே வகைதான். இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. அந்த இடைவெளியை நம்பி இலங்கையில் ஆலைகள் முளைத்தன, அங்கே தயாரான வனஸ்பதி இங்கே வரியில்லாமல் வந்து குவிந்தது. பிறகு 2,50,000 டன் என்று வரம்பு வந்தது. 2008-இல் இந்தியா கச்சாப் பாமாயில் வரியை நீக்கியதும் அந்தத் தொழிலுக்கு அடிப்படையே இல்லாமல் போனது. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். அந்த வித்தியாசம் ஓர் அறிவிப்பில் போய்விடும்.

காகித வேலையில் தவறுகள் சிறியவை, இழப்பு பெரியது. இந்தியாவில் பூர்விகச் சான்றிதழை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் முகமைகள் தருகின்றன, இலங்கையில் வணிகத் திணைக்களம் தருகிறது. கப்பல் கிளம்பிய பிறகு விண்ணப்பிக்க ஓடாதீர்கள். இன்வாய்ஸில் ஒரு குறியீடு, சான்றிதழில் வேறொன்று என்று விடாதீர்கள். இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு இறக்குமதி செய்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. 2020 செப்டம்பர் 21 முதல் சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எப்படித் தயாரானது, பூர்விக விதி எப்படி நிறைவேறியது என்ற விவரங்களை இறக்குமதியாளரே வாங்கி 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சப்ளையரிடம் இதை ஆர்டர் போடும்போதே கேளுங்கள். பணம் கொடுத்து முடித்த பிறகு பதில் வர நாளாகும்.

கடைசியாக, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது. சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்த விரிவான ஒப்பந்தத்துக்கான பேச்சு 2008-இல் முடிந்தும், இலங்கைத் தொழில் துறையினரின் எதிர்ப்பால் கையெழுத்தாகவில்லை. அந்த அச்சங்கள் பேச்சு நடந்த காலத்திலேயே மேசைக்கு வந்திருந்தால் திருத்த வழி இருந்திருக்கும் என்பது என் கருத்து. அப்புறம் 2016-இல் எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் பேச்சு தொடங்கி, நடுவில் நின்று, 2023-இல் மறுபடி நடந்தது. சிறு நிறுவனங்கள் தங்கள் வணிகச் சங்கம் மூலம் வணிக அமைச்சகத்துக்கு எழுதலாம். ‘சலுகை வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள். இந்த எட்டு இலக்கக் குறியீட்டுப் பொருளுக்கு, இந்தத் தேதியில், இவ்வளவு செஸ் கட்டப்பட்டது என்று கொழும்பில் வாங்குபவர் தந்த சுங்க ரசீதின் நகலோடு எழுதுங்கள்.