மாஸ்டா எம்எக்ஸ்-5 டிஃபரென்ஷியல்: எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஆயிலைத் தொடுங்கள்

வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். உள்பக்கப் பின்சக்கரம் வெறுமனே சுற்றிப் புகைகிறது, இன்ஜின் கத்துகிறது, கார் மட்டும் வேகம் எடுக்கவில்லை. உடனே, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுசேர்க்கும் டிஃபரென்ஷியலை மாற்றலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். மாற்றுவதற்கு முன் உங்கள் காரில் என்ன வகை இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எந்த ஆயிலைக் கேட்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு வகைக்கு மருந்தாகும் ஆயில் இன்னொரு வகையின் பிடிப்பைக் குறைத்துவிடும். இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது பின்சக்கர இழுவையில் ஓடும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்ததிலிருந்து இந்த ஒரே காரில் ஓப்பன், விஸ்கஸ், டார்சென், கூம்பு கிளட்ச் என்று பல வகை டிஃபரென்ஷியல்கள் வந்திருக்கின்றன.

ஏன் டிஃபரென்ஷியல் வேண்டும்

இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.42 மீட்டர் இடைவெளி. காரின் நடுக்கோடு 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போனால் உள்சக்கரம் 9.29 மீட்டர் ஆரத்திலும் வெளிச்சக்கரம் 10.71 மீட்டர் ஆரத்திலும் உருளும். வெளிச்சக்கரம் ஏறக்குறைய 15 சதவீதம் அதிக தூரம் போயாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்து இழுபடும், கார் நேராகவே போகப் பார்க்கும். அதனால்தான் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி செய்யும் பல்சக்கரக் கூட்டம்.

ஓப்பன் வகையில் சக்கரங்களின் வேகம் வேறுபடலாம், ஆனால் விசை வேறுபடுவதில்லை. இரு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசையே போகும். உள்சக்கரத்தின் மேல் எடை குறைந்து அது 100 நியூட்டன்-மீட்டரிலேயே வழுக்கத் தொடங்கினால் வெளிச்சக்கரத்துக்கும் அதே 100-தான். வெளிச்சக்கரத்தில் எவ்வளவு பிடிப்பு மிச்சமிருந்தாலும் பயனில்லை.

டார்சென் வகை இதை மாற்றுகிறது. முறுக்குவிசையை உணர்வது என்ற பொருளில் வைத்த பெயர் அது. வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. உள்ளே கிளட்ச் தட்டுகள் கிடையாது. சாய்பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வே பூட்டாகிறது. இதன் பகிர்வு விகிதம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் சக்கரம் 100 தாங்கினால் மற்றதற்கு 300 வரை போகும். ஆனால் வழுக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். நல்ல டார்சென் இருந்தும் ஓரக்கல்லில் ஏறிய சக்கரம் சும்மா சுற்றுவது இதனால்தான். டிஃபரென்ஷியல் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிவிடாதீர்கள்.

இந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தால் கார் நகரும். ஒவ்வொரு பின்சக்கரத்திலும் பிரேக் 50 நியூட்டன்-மீட்டர் பிடிக்கிறது என்போம். எழும்பிய சக்கரம் இப்போது 50 தாங்குவதால் மற்றதற்கு 150 போகிறது. அதில் அதன் சொந்த பிரேக் தின்னும் 50 போக 100 தரைக்கு வருகிறது.

கிளட்ச் தட்டு வகையில் முன்னழுத்தம் இருக்கும். அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோதும் தட்டுகள் ஓரளவு இறுகியே இருக்கும். எனவே ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் மற்றது இழுக்கும். முடுக்கும்போது மட்டும் பூட்டுவது ஒன்-வே. காலை எடுக்கும்போதும் அதே அளவு பூட்டுவது டூ-வே. இடைப்பட்டது ஒன்றரை-வே. சாலையிலும் ஓட்டி டிராக்கிலும் ஓட்டும் காருக்கு ஒன்-வேயோ ஒன்றரை-வேயோ போதும். டூ-வே போட்டால் பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது காரின் மூக்கு திரும்ப மறுக்கும்.

விஸ்கஸ் வகையில் அடைத்து மூடிய அறைக்குள் சிலிக்கோன் திரவமும் துளையிட்ட தட்டுகளும் இருக்கும். வேக வித்தியாசம் வந்த பிறகுதான் இது பிடிக்கும், அதனால் எப்போதும் கொஞ்சம் தாமதம். திரவம் முதுமை அடைந்தால் பிடிப்பு போய்விடும். ஆயில் மாற்றி அதை மீட்க முடியாது, ஏனென்றால் அந்த அறைக்குள் வெளி ஆயில் போவதே இல்லை.

உங்கள் காரில் எது

1.6 லிட்டர் இன்ஜின் வந்த 1989–93 கார்களில் 6 அங்குல கிரவுன் (பெரிய வளையப் பல்சக்கரம்) உள்ள சிறிய டிஃபரென்ஷியல். ஓப்பன் அல்லது விஸ்கஸ். 1994-இல் 1.8 இன்ஜினுடன் 7 அங்குல கிரவுனும் டார்சென் வாய்ப்பும் வந்தன. சிறிய கிரவுன் டர்போ பொருத்திய இன்ஜினின் விசையைத் தாங்காது. இன்ஜினில் பணம் போடுமுன் பின்பக்கத்தை 7 அங்குலத்துக்கு மாற்றுவதுதான் சரியான வரிசை. பின்னாளில் வந்த மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் இருப்பது கூம்பு வடிவக் கிளட்ச் கொண்ட எல்எஸ்டி (சக்கர வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்). 2024 மாடலில் முடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் வெவ்வேறு அளவில் பூட்டும் எல்எஸ்டி வந்தது.

பழைய காரை வாங்கியவர் விற்றவரின் சொல்லை நம்பி இருக்க வேண்டாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் போனால் பெரும்பாலும் ஓப்பன். ஒரே திசையில் போனால் விஸ்கஸ் அல்லது முன்னழுத்தம் உள்ள கிளட்ச் வகை. டார்செனுக்கு இந்தச் சோதனை செல்லாது, அது இரண்டு திசையிலும் போகக்கூடும். சந்தேகம் இருந்தால் ஒரு பக்கத்து ஆக்ஸிலை உருவி, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஒரு உருண்டைப் பின் தெரிந்தால் டார்சென் இல்லை.

ஆயில் தேர்வு

டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம், 75டபிள்யூ-90 பருமன். கிரவுனும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே அழுத்துவதால் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் உள்ள ஆயில்தான் பல்லைக் காக்கும். மிச்சமிருக்கிறதே என்று அதையே கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அங்கே கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அந்தச் சேர்மங்கள் ஆகாது.

ஓப்பன், விஸ்கஸ், டார்சென் மூன்றுக்கும் சாதாரண ஜிஎல்-5 போதும். கிளட்ச் தட்டு வகைக்கு மட்டும் உராய்வைச் சீர்செய்யும் சேர்மம் கலந்த எல்எஸ்டி ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிங்கில் திரும்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிரும், தட்டுகள் மேல்பூச்சு கருகித் தேயும். அந்தச் சேர்மத்தை டார்செனில் ஊற்றினால் நேர்மாறான கேடு. டார்செனின் பூட்டே உராய்வுதானே. அதை வழவழப்பாக்கினால் பகிர்வு விகிதம் இறங்கி, பிடிப்பு குறையும். உடைவதில்லை, சத்தமும் வராது. அதனால் யாருக்கும் காரணம் பிடிபடாமல் போகிறது.

ஆயில் மாற்றும் முறை

6 அங்குலத்துக்கு 0.65 லிட்டர், 7 அங்குலத்துக்கு 1 லிட்டர். கருவிகள்: 23 அல்லது 24 மில்லிமீட்டர் ஆறுமுக சாக்கெட், நீளக் கம்பி, டார்க் ரெஞ்ச், குழாய் பொருத்திய கைப்பம்பு, இரண்டு புது வாஷர். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தவிருங்கள். பழைய பிளக்கின் முனை மழுங்கினால் ஒரு நாள் வேலை போய்விடும்.

15–20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகியிருக்கும். நான்கு மூலையும் ஸ்டாண்டில் ஏற்றி காரைச் சமதளமாக நிறுத்துங்கள். பின்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அளவு தவறாகக் காட்டும். முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள், கீழே உள்ளதைத் தொடாதீர்கள். ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் அசையவில்லை என்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேல் பிளக் வந்த பின் கீழ் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள்.

வந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்ப்பது இந்த வேலையின் பாதிப் பயன். சாம்பல் நிற மசி போல இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் ஊசியோ செதிலோ இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, டிஃபரென்ஷியலைத் திறந்தாக வேண்டும். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கருகிய நாற்றம் அடித்தால் சூடேறியிருக்கிறது.

கீழ் பிளக்கைப் புது வாஷருடன் 40–50 நியூட்டன்-மீட்டரில் இறுக்குங்கள். மேல் துளை வழியாக, ஆயில் விளிம்பில் வழியும்வரை பம்பு செய்யுங்கள். ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். பிறகு மேல் பிளக். கிளட்ச் வகை என்றால் காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு, இரு திசையிலும் பத்துப் பத்து முறை ஓட்டுங்கள். தட்டுகளுக்கு நடுவே புது ஆயில் போய்ச் சேர இதுதான் வழி. தட்டுகளே புதிது என்றால் இப்படி அரைமணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, அந்த ஆயிலை வடித்துவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள்.

சாலையில் மட்டும் ஓடும் கார் 40,000–50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டிராக்கில் ஓடினால் மூன்று நான்கு டிராக் நாளுக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்தியோ அது. வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே.

டிஃபரென்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங் மேலே இருக்கும் காற்றுத்துளையை யாரும் பார்ப்பதில்லை. மண் அடைத்துக்கொண்டால் சூடான ஆயிலின் காற்று வெளியேற வழியின்றி சீல்களைத் தள்ளும். சீல் கசிகிறது என்று மாற்றி, மாற்றி, மீண்டும் கசிந்தால் அந்தத் துளையைத்தான் முதலில் துடைக்க வேண்டும்.

பினியன் சீலை மாற்றும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. பினியன் நட்டின் கீழே நசுங்கும் குழல் ஒன்று பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கிறது. இம்பாக்ட் கன்னால் நட்டை அடித்து ஏற்றினால் குழல் மேலும் நசுங்கி, பேரிங் இறுகி, சில நூறு கிலோமீட்டரில் ஊளையிடத் தொடங்கும். கழற்றுமுன் நட்டிலும் தண்டிலும் ஒரே நேரில் புள்ளி குத்துங்கள், எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணுங்கள், பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று சிறிய டார்க் ரெஞ்சால் அளந்து எழுதிவையுங்கள். திரும்ப ஏற்றும்போது அதே புள்ளி, அதே அளவு.

கிளட்ச் வகையின் தேய்மானம்

ஒரு பின்சக்கரம் தரையில், கட்டை வைத்து. மற்றது காற்றில். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். காற்றில் உள்ள ஹப்பை டார்க் ரெஞ்சால் நிதானமாகத் திருப்பி, அது நகரும்போது காட்டும் அளவைக் குறியுங்கள். தட்டுகள் புதிதாக இருந்தபோது எடுத்த அளவில் பாதியாகிவிட்டால் தட்டு மாற்றும் காலம். புதிதில் அளந்து எழுதிவைக்காதவருக்கு இந்தச் சோதனை பாதிதான் உதவும், எனவே பொருத்திய வாரமே அளந்துவிடுங்கள்.

சத்தம்

முடுக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடும் என்றால் கிரவுன்-பினியன் பல் தொடர்பில் கோளாறு. வேகத்துக்கு ஏற்ப உறுமி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் சாய்த்தால் கூடவோ குறையவோ செய்தால் சக்கர பேரிங். ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ என்றால், பெரும்பாலும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்தான் போயிருக்கும். நல்ல டிஃபரென்ஷியலைத் திறந்து கெடுப்பது இந்த ‘டொக்’கைத் தவறாகப் படிப்பவர்கள்தான். கிரவுன், பினியன் பற்களுக்கு இடையிலான இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமானது. அந்த நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜ் இல்லாமல் அங்கே கை வைக்க வேண்டாம்.

டயரும் ஸ்டெபிலைசர் கம்பியும்

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஸ்டெபிலைசர் கம்பியைத் தடிமனாக மாற்றியவர்களுக்குத்தான் உள்சக்கரம் சுற்றும் தொல்லை அதிகம். அது வளைவில் உள்சக்கரத்தைத் தூக்குகிறது. கம்பியின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிக் கட்டிவைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்தால் டிஃபரென்ஷியலுக்கு வைத்திருந்த பணம் மிச்சம். முதல் இரு தலைமுறை எம்எக்ஸ்-5-க்குத் தொழிற்சாலை சொன்ன டயர் காற்று 26 பிஎஸ்ஐ. கனமான காருக்குப் பிடிக்கும் 33 அளவில் காற்றடித்துவிட்டுப் பிடிப்பு இல்லை என்பவர்களும் உண்டு.

ஒரே அச்சில் புது டயரும் தேய்ந்த டயரும் போடாதீர்கள். 195/50-15 டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். 3 மில்லிமீட்டர் தேய்மான வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். நேர்ச்சாலையிலேயே கிலோமீட்டருக்குச் சுமார் 6 சுற்று வித்தியாசம். 300 கிலோமீட்டர் பயணத்தில் அது 1,700 சுற்றைத் தாண்டும். எல்எஸ்டி அந்த முழு நேரமும் உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கர இழுவைக் காரில் இது இன்னும் கண்டிப்பு. நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு சொல்லும் வரம்பு.

பிரேக்கைக் கொண்டு வழுக்கலைத் தடுக்கும் மின்னணு முறை உள்ள புதிய கார்களில் டிராக் நாளுக்குப் பிறகு பின்பக்க பிரேக் பேடுகளைக் கட்டாயம் அளந்து பாருங்கள். சுற்றும் சக்கரத்தை நிறுத்தும் வேலையை அங்கே பேடுதான் செய்கிறது, நீங்கள் பிரேக்கையே தொடாத இடத்திலும் அது தேய்ந்துகொண்டிருக்கும்.