சட்டை தோளில் சரியாக உட்காரட்டும், மீதியை டெய்லர் பார்த்துக்கொள்வார்

ஆண்களின் உடல்வாகுக்கு ஏற்ற உடை என்று தேடினால் முக்கோணம், செவ்வகம், ஓவல் என்று படம் போட்டு, நீங்கள் இதில் எது என்று கேட்பார்கள். பாதிப் பேர் எதிலும் சேரமாட்டார்கள். தோள் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால், தொடை தடி என்று கலந்து கட்டித்தான் உடம்பு இருக்கும். அதனால் வடிவத்தை விடுங்கள், ஒரு இன்ச் டேப்பை எடுங்கள். தோள், மார்பு, வயிறு, பேண்ட் நிற்கும் இடம், தொடை, கை நீளம், இவ்வளவும் அளந்து போனில் குறித்து வையுங்கள். வயிற்றை அளக்கும்போது மூச்சை விட்டுவிட்டு அளக்கவும், எக்கிப் பிடித்த வயிற்றுக்கு யாரும் சட்டை தைப்பதில்லை.

அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உடம்பின் மார்பளவைவிட இது சுமார் 4 இன்ச் அதிகமாக இருந்தால் சாதாரண ஃபிட். 2 இன்ச் மட்டும் என்றால் கையை நீட்டும்போது பிடிக்கும், 7, 8 இன்ச் என்றால் காற்றாடும். ஆன்லைனில் வாங்கும்போது எம், எல் என்ற எழுத்தைப் பார்க்காமல் இந்த அளவைத்தான் பார்க்க வேண்டும், ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனிக்கு எம் ஆக இருக்கும். அங்கே போட்டிருக்கும் சைஸ் அட்டவணையில் இருப்பது உடம்பு அளவா துணி அளவா என்பதையும் கவனியுங்கள், பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது தோள். தோளையும் கையையும் இணைக்கும் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் எலும்பு தட்டுப்படும், அதுதான் எல்லை. தையல் அதைத் தாண்டிக் கையில் இறங்கினால் எவ்வளவு அகலமான தோளும் சரிந்தது போலத் தெரியும், கழுத்துப் பக்கம் ஏறினால் சின்னப் பையனின் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். (தோள் இறங்கிய ஓவர்சைஸ் டிசைன் வேறு கதை, அதை வேண்டுமென்றே வெட்டுகிறார்கள்.) பக்கவாட்டைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, அடியை மடிப்பது எல்லாம் எந்த டெய்லரும் செய்துவிடுவார், தோளை மாற்ற வேண்டுமென்றால் கையைப் பிரித்து, அக்குள் வளைவைத் திரும்ப வெட்டித் தைக்க வேண்டும், செலவுக்குக் கட்டாது. எனவே மாற்ற முடியாத இடம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், மாற்ற முடிந்ததை மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதை அப்படியே போடுகிறவருக்கும், டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துப் போடுகிறவருக்கும்தான் உண்மையான வித்தியாசம், விலை அதற்கு அப்புறம்தான்.

வயிறு இருப்பவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறான யோசனைகள் அதிகம் கிடைப்பது அவர்களுக்குத்தான். வயிற்றுக்காக இரண்டு சைஸ் பெரிய சட்டை வாங்கினால் தோள் தொங்கும், காலர் வாய் பிளக்கும், மொத்த ஆளும் வயிற்றின் அகலத்துக்கு வந்துவிடுவார். சைஸை ஏற்றுவதற்கு முன்னால் ஸ்லிம் ஃபிட்டிலிருந்து ரெகுலர் ஃபிட்டுக்கு மாறிப் பாருங்கள், தோள் ஏறக்குறைய அதே அளவில் இருக்க, வயிற்றில் மட்டும் இடம் கிடைக்கும். உட்கார்ந்து பாருங்கள்: தொப்புளுக்கு நேராக இருக்கும் பட்டனிலிருந்து இரண்டு பக்கமும் மடிப்பு கிளம்பி பெருக்கல் குறி போலத் தெரிந்தால், பட்டனுக்கு நடுவே துணி வாய் திறந்தால், அந்தச் சட்டை வேண்டாம். ரெகுலர் ஃபிட்டும் போதவில்லை என்றால் தைத்துக்கொள்வதே நல்லது.

பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடுவது அடுத்த பிரச்சினை. இடுப்பு நம்பர் ஏறவில்லை என்று மனசுக்குச் சமாதானம், ஆனால் வயிறு பெல்ட்டின் மேல் வழியும், கவட்டை இறங்கும், கால் குட்டையாகும். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரமான இடுப்புள்ள பேண்ட்டை எடுங்கள், முன்னால் ஒரு ப்ளீட் (இடுப்பில் மடித்துத் தைத்த மடிப்பு) இருந்தால் உட்காரும்போது துணி விரிந்து கொடுக்கும். பெல்ட் நிற்காமல் வழுக்கினால் சஸ்பெண்டர் (பேண்ட்டைத் தோளிலிருந்து தாங்கும் பட்டை) போடலாம், அதை ஏதோ கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறோம். கால் பகுதி நேராக இருக்கட்டும். பெரிய உடம்புக்குக் கீழே காலோடு ஒட்டிய ஸ்கின்னி போட்டால் வயிறு இன்னும் பெரிதாகத்தான் தெரியும். டி-ஷர்ட் என்றால் மெல்லிசாக உடம்போடு ஒட்டும் துணி வேண்டாம், 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) சுற்றி இருந்தால் துணி தானே விழுந்து நிற்கும், ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொடுக்காது.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, குறுக்குக் கோடுகளால் நிரம்பிய சதுரம் உயரமாகவும், செங்குத்துக் கோடுகளால் நிரம்பிய சதுரம் அகலமாகவும் தெரிகிறது என்று எழுதிவிட்டார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளரும் மனித உருவங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு உருவத்தைக் குண்டாகக் காட்டவில்லை. கோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், துணி இறுக்கமா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நேர்க்கோடு வயிற்றின் மேல் வளையும், பார்ப்பவர் கண் அந்த வளைவில்தான் போய் நிற்கும்.

ஒல்லியானவர்கள் செய்வது இதற்கு நேரெதிர்: பெரிய சைஸில் ஒளிந்துகொள்வது. கை ஓட்டைக்குள் இன்னொரு கை போகிற அளவுக்கு இடம் இருந்தால் கை இன்னும் குச்சியாகத் தெரியும். அரைக்கை மேற்கையின் நடுவில் முடியட்டும், ஓரத்துக்கும் தசைக்கும் நடுவில் ஒரு இன்ச் போதும். ஆக்ஸ்ஃபோர்ட், டெனிம், கார்டுராய் போன்ற தடித்த, சொரசொரப்பான துணிகள் உடம்புக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். டி-ஷர்ட்டுக்கு மேல் பட்டன் போடாத சட்டை இன்னும் நல்லது. பேண்ட் ஸ்கின்னியும் வேண்டாம், தொளதொளவும் வேண்டாம்.

குட்டையானவர்களுக்கு நீளம்தான் எல்லாம். வெளியே விடும் சட்டை ஜிப்பின் பாதியில் முடிய வேண்டும், அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு இன்ச்சும் காலிலிருந்து எடுத்ததுதான். கணுக்காலில் சுருண்டு கிடக்கும் ஜீன்ஸை இன்றைக்கே கொண்டுபோய் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். சட்டையும் பேண்ட்டும் நெருங்கிய நிறத்தில் இருந்தால் உடம்பு இடுப்பில் இரண்டாகப் பிரியாது, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், நடுவில் பளபளக்கும் பெரிய பக்கிள் என்றால் மூன்று துண்டு. ரொம்ப உயரமானவர்கள் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், பெல்ட்டும் நிற மாறுபாடும் அவர்களுக்கு உதவும். அவர்களுடைய நிஜமான தலைவலி கை நீளம்தான். ஒரு சைஸ் ஏற்றினால் அகலம்தான் அதிகம் ஏறும், நீளம் கொஞ்சம்தான், அதனால் ‘டால்’ என்று தனியாக வரும் சைஸைத் தேடுங்கள்.

ஜிம்முக்குப் போய் மார்பும் தொடையும் ஏறியவர்கள் மார்புக்கு வாங்கி, சட்டையின் முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துத் தைக்கும் கூர்மையான தையல்) பிடிக்கச் சொல்லலாம். ரெடிமேட் சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் பொதுவாக 6 இன்ச் வித்தியாசம்தான் வைப்பார்கள், உங்களுக்கு 9 என்றால் இடுப்பைப் பிடிக்காமல் முடியாது. பேண்ட்டைத் தொடைக்கு வாங்கி இடுப்பைக் குறையுங்கள், 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் நூலிழை) கலந்த துணி என்றால் குனிந்து நிமிர நிம்மதி.

டிரையல் ரூமில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காதீர்கள். கையைத் தூக்குங்கள், உங்களை நீங்களே கட்டிப்பிடியுங்கள், உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸைத் தொடுங்கள். பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், நம் பக்கவாட்டுத் தோற்றத்தை நம்மைத் தவிர எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காட்டன் துணி என்றால் டெய்லரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றிரண்டு தடவை துவைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு அளவு எடுக்கலாம். பேண்ட் அடியைக் குறைக்கப் போகும்போது, அதோடு போடப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள்.